உப்புத் தெப்பத்தில் ஐம்பது மீட்டர்

பிள்ளைகளா, உங்கள் அத்தை உப்பளத்தில் நீச்சலடித்த கதையை லாரித் தாத்தா உங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தத் தெப்பக் குட்டை கொஞ்சம் நீளமாகிறது, அத்தை கொஞ்சம் வேகமாகிறாள். போன பொங்கலுக்கு அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் சீலா மீன்கூட அவளிடம் தோற்றுப்போயிருக்கும். அவர் சொல்வதில் பாதி பொய் என்பது உங்களுக்கே தெரியும். மீதிப் பாதியிலும் ஒரு பொய் இருக்கிறது. அது அவருடையது இல்லை, என்னுடையது. நேரில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அத்தையிடம் காட்ட வேண்டாம், அவள் சிவப்பு மையில் திருத்துவாள்.

இனி அத்தை என்று எழுதினால் எனக்கு வேறு யாரையோ சொல்வது போல இருக்கும். அக்கா என்றே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. மில்லர்புரத்தில் இருக்கும் நம் பேக்கரி அப்போது இதில் பாதிதான். கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு, மாடியில் வீடு. அன்றும் நம் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மக்ரூன்தான். முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துச் சுடுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மஞ்சள் கருவுக்கு அதில் வேலையே இல்லை. இன்று அதைக் கேக்குக்கு எடுத்துக்கொள்கிறோம். அன்று நம் கடையில் கேக் கிடையாது. அதனால் மஞ்சள் கரு முழுவதும் பாத்திரம் பாத்திரமாக மாடி ஏறி வீட்டுக்கு வரும். காலையில் தோசைமேல் மஞ்சள் கரு, மத்தியானம் மஞ்சள் கருப் பொரியல், ராத்திரி மஞ்சள் கருக் குழம்பு. பள்ளிக்கூடத்தில் அவித்த முட்டையை வெட்டி வைத்த மாதிரி வரையச் சொன்னார்கள். நான் மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் போட்டுக் கொடுத்தேன். வெள்ளை எங்கே என்று டீச்சர் கேட்டார். கடையில் இருக்கிறது என்றேன்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே இருந்த மாஸ்டர் ஒருநாள், தினமும் ஆறு முட்டை சாப்பிட வேண்டும், வெள்ளை மட்டும் போதும், மஞ்சளை எடுத்துவிடு என்று சொல்லியனுப்பினார். அக்கா அதை வந்து வீட்டில் சொன்னபோது அப்பா மாவு பிசைந்த கையோடு திரும்பினார்.

"ஊருல இருக்க பேக்கரிக்காரன் பூராவும் வெள்ளைக் கருவுக்கு அலையுதோம். ஒங்க மாஸ்டர் அதத் திங்கச் சொல்லுதாராக்கும். மஞ்சள் வேணும்னா எத்தனை வேணும்னு கேட்டுட்டு வா, அவருக்கும் சேத்துக் குடுத்து விடுதேன்."

அதற்குப் பிறகு அக்கா வெள்ளைக் கருவைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வெள்ளைக் கருவை விட்டும் போகவில்லை. காலையில் கடையில் மெஷின் ஓடத் தொடங்குமுன் ஒரு சட்டி வெள்ளைக் கருவை வாங்கிக்கொண்டு, கம்பியால் கையாலேயே அடிப்பாள். கைக்கு நல்லது என்பாள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. அதன் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள், உதடு அசையும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு மறுபடி மூடுவாள். தூக்கக் கலக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் நீச்சலுக்காகச் செய்ததெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது, ஏதோ கிறுக்குத்தனமாக. எட்டு மணிக்குப் படுத்துவிடுவாள். பரோட்டா வாங்கி வந்த நாளில் மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொள்வாள், வாசனை தாங்காது என்று. படி ஏறினால் கால் விரலால்தான் ஏறுவாள். அம்மா திட்டத் தொடங்கினால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அம்மாவின் ஒரு திட்டு ஐம்பது நொடிக்குக் குறையாது. முடிந்ததும் அக்கா நிதானமாக மூச்சை விடுவாள். அம்மாவுக்கு அது எரிச்சலாக இருக்கும். "நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துதேன், இவ அதுலயும் பயிற்சி எடுத்துக்கிடுதா" என்று மறுபடி ஆரம்பிப்பாள். அக்கா மறுபடி மூச்சைப் பிடிப்பாள்.

அந்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. அப்பா அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார். ஆடி மாதம் திருநெல்வேலியில் தேர்வுப் போட்டி. ஐம்பது மீட்டரில் முதல் இரண்டு பேர் சென்னைக்குப் போகலாம். "ரெண்டுக்குள்ள வந்தா நீந்து. இல்லைன்னா பரிச்சைக்குப் படி. நீச்சல் டிரஸ்ஸ அம்மாட்ட குடுத்திரு" என்று சொல்லிவிட்டார். அக்கா சரி என்றாள். எனக்குத் தெரிந்து அவள் அப்பாவிடம் வாதாடாமல் சரி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

போட்டிக்குச் சரியாகப் பதினைந்து நாள் இருக்கும்போது குளத்து மோட்டார் பழுதாகிவிட்டது. தண்ணீர் பச்சையாகிப்போய் முழுவதையும் வெளியே இறைத்துவிட்டார்கள். பழுது பார்த்துத் திரும்பத் தண்ணீர் விடப் பதினான்கு நாள் ஆகும் என்றார்கள். மாஸ்டர் எல்லாரையும் வீட்டிலேயே கை கால் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா கடையில் பன் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாமா வந்தார், அம்மாவின் தம்பி, உங்கள் லாரித் தாத்தா. உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு உப்பு ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் முதல் நடைக்கு முன் நம் கடையில் ஒரு டீயும் பன்னும்.

"ஏளா மருமவளே, மூஞ்சி ஏன் ஊசிப்போன பன்னு மாதிரி இருக்கு?"

"குளத்துல தண்ணி இல்ல மாமா."

"தண்ணிதான? தூத்துக்குடியில குடிக்கத்தான் தண்ணி கெடையாது. நீந்துததுக்கு எம்புட்டு வேணும் ஒனக்கு?"

அம்மா மாடிப்படியிலிருந்தே கத்தினாள். "ஆடிக் காத்துல பொம்பளப் பிள்ளைய கடலுக்குக் கூட்டிட்டுப் போகப் போறியால? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"கடல் இல்லக்கா, தெப்பம். இடுப்பளவு தண்ணி. அலை கெடையாது, சுறா கெடையாது. முங்கணும்னு நெனச்சாலும் முங்க முடியாது."

உப்பளத்தில் போர் போட்டு இறைக்கும் உப்புத் தண்ணீரைப் பாத்திகளில் பாய்ச்சுமுன் தேக்கி வைக்கும் பெரிய குட்டைக்குத்தான் தெப்பம் என்று பெயர். அந்தத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட உப்பு, கடல் தண்ணீரைவிடக் கனம். மாமாவுக்கு அந்த உப்பளத்துக் கணக்கப்பிள்ளை பழக்கம். காலையில் ஒரு மணி நேரம் விடுவதற்கு அவர் சம்மதிப்பார் என்றார்.

அம்மா இரண்டு நிபந்தனை போட்டாள். ஆம்பளைகள் வேலை செய்யும் இடம், அதனால் அக்கா கழுத்து முதல் கணுக்கால் வரை சுடிதார் போட்டுத்தான் இறங்க வேண்டும். துணைக்கு நான் கூடப் போக வேண்டும்.

"சுடிதாரப் போட்டு நீந்துனா பின்னால இழுக்கும்க்கா" என்றார் மாமா.

"இழுக்கட்டும்."

அப்பா பணியாரச் சட்டியைத் துடைத்தபடி ஒன்றே ஒன்று சொன்னார். "கையில காலுல காயம் இருந்தா எரியும். தேங்காண்ணெ தடவிட்டுப் போ."

அப்படித்தான் நான் பதினான்கு நாள் உப்பு லாரியில் போனேன். மாமா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார். முழங்கை வரை ஏறிவிடும், அவ்வளவு பெரிது. கப்பலில் வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று மாமா சொல்வார். பஜாரில் வாங்கியது என்று அம்மா சொல்வாள். எதுவானாலும் அதில் நொடிக்கும் கீழே எண்ணுகிற வசதி இருந்தது. "இனிமே நீதாம்ல அம்பயர்" என்றார் மாமா. எனக்கு இரண்டு அங்குலம் வளர்ந்தது போல இருந்தது.

முதல் நாள் இருபத்தைந்து மீட்டரை அளப்பதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. எங்களிடம் இருந்தது அம்மாவின் தையல் டேப்பு ஒன்றுதான். ஒன்றரை மீட்டர், ஒன்றரை மீட்டராக லாரிக் கயிற்றில் அளந்து, இரண்டு பக்கமும் முளை அடித்துக் கட்டினோம். போய்த் திரும்பினால் ஐம்பது. திரும்பும் இடத்தில் காலால் உதைத்துக்கொண்டு கிளம்பச் சுவர் வேண்டும். தெப்பத்துக்கு ஏது சுவர், மண் வரப்புதான். மாமா லாரியின் பழைய பின்கதவுப் பலகையைக் கொண்டுவந்து, தண்ணீரில் இறங்கி, அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதான் சொவரு. தைரியமா வந்து ஒதை" என்றார்.

அக்கா வந்து உதைத்தாள். சுவர் மல்லாந்து விழுந்தது. மாமா எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, தெப்பத்தையும் உப்பையும் ஆடிக் காற்றையும் வரிசையாகத் திட்டினார். அடுத்த நாளிலிருந்து பலகைக்குப் பின்னால் இரண்டு மணல் மூட்டையை முட்டுக் கொடுத்தோம்.

தண்ணீர் அக்காவை உள்ளேயே விடவில்லை. காலை அடித்தால் கால் காற்றில் அடித்தது. உடம்பு தக்கை மாதிரி மேலே மேலே வந்தது. அது போதாதென்று சுடிதாரின் கால் இரண்டும் முதலில் பலூன் போல உப்பி, பிறகு தண்ணீர் குடித்துக் கனத்துப் பின்னால் இழுத்தன. தண்ணீர் தூக்கிவிட, சுடிதார் பிடித்து இழுக்க, நடுவில் அக்கா. நான் வரப்பின் மேல் அவளோடு கூடவே ஓடினேன். துணைக்கு வந்தவன் தூரத்தில் நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். ஓடும்போது வாய் சும்மா இருக்குமா, கத்திக்கொண்டே ஓடினேன். எக்கா வா, எக்கா வா என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்துப் பாத்தியில் உப்பு சுமக்க வந்த பொம்பளைகள் தலைச் சும்மாட்டோடு நின்று பார்த்தார்கள்.

"ஏளா, அந்தப் பிள்ள என்னத்தத் தொலைச்சிட்டு இந்தத் தேடு தேடுது?"

"கம்மலா இருக்கும்."

"அங்கன போகுது, இங்கன வருது, ஒண்ணையும் எடுக்கக் காணுமே. அண்ணாச்சி, என்ன சாமான் விழுந்துட்டு? நாங்களும் எறங்கித் தேடட்டுமா?"

மாமா பலகைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "மெடல் ஒண்ணு விழுந்துட்டு. அவதான் தேடி எடுக்கணும். நீங்க ஒங்க ஜோலியப் பாருங்க."

அந்த முதல் நாள் அவள் நீந்தி முடித்து முளையைத் தொட்டபோது நான் பொத்தானை அழுத்தினேன். நாற்பத்து மூன்று. குளத்தில் அவள் முப்பத்தாறில் நீந்துகிறவள். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு லாரியில் ஏறினாள். வழியெல்லாம் புருவத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. "கருவாடு மாதிரி இருக்கா பாரு" என்று மாமா சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பழைய இயற்பியல் நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் என்னவோ எழுதி, துணி அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாள்.

எனக்கு அந்த மூஞ்சி பிடிக்கவில்லை. மறுநாள் நாற்பத்து இரண்டு வந்தது. முளையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, "எவ்வளவுலே?" என்று கேட்டாள்.

"நாப்பது" என்றேன். சொன்ன வேகத்தில் பொத்தானை அழுத்தி எண்ணை அழித்துவிட்டேன்.

அவள் மூக்குக்குள் போன உப்புத் தண்ணீரைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு சிரித்தாள். "நெசமாவா? அப்ப இன்னொரு தடவ அடிப்போம்" என்றாள். அன்றைக்கு ஆறு தடவை நீந்தினாள். நான் ஆறு தடவை ஓடினேன்.

பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. இரண்டு நொடி குறைத்தவன் மூன்று குறைத்தேன், பிறகு நான்கு. ஒருநாள் குறைத்தால் மறுநாள் கூட்டிச் சொல்ல முடியாது. கடிகாரம் நாற்பத்து ஒன்று காட்டினால் நான் முப்பத்தேழு என்றேன். மாமா தெப்பத்துக்கு நடுவில் நின்று கை தட்டினார். கடையில் வந்து அப்பா காதுபடச் சொன்னார். "அத்தான், இப்படியே போனா ஒங்க மவ கொழும்புக்கு நீந்தியே போயிட்டு வந்திருவா."

"திரும்பி வருவால்லா, அது போதும்" என்றார் அப்பா. ஆனால் அன்று சாயங்காலம் அவர் என்னிடம் தனியாக, "ஏலே, வாட்ச் சரியா ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். வாட்ச் சரியாகத்தான் ஓடியது.

நடுவில் ஒருநாள் நான் போகவில்லை. முந்தின நாள் உடைந்த மக்ரூன் ஒரு தட்டு முழுக்கக் கிடைத்தது. ஒற்றையில் இருந்து தின்று தீர்த்தேன். காலையில் வயிறு தன் கதையைச் சொல்லிவிட்டது. மாமா லாரியோடு வந்து ஹாரன் அடித்தபோது நான் படுக்கையில் சுருண்டு கிடந்தேன். கடிகாரம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. கடிகாரம் வேண்டும் என்று கேட்டு யாரும் மாடி ஏறி வரவில்லை. அம்மாவே எனக்குப் பதிலாகத் துணைக்குப் போனாள். திரும்பி வந்து, அங்கே அடித்த காற்றில் தன் கொண்டை அவிழ்ந்துபோனதைப் பற்றி மட்டும் பேசினாள்.

கடைசி நாள் கடிகாரம் முப்பத்தொன்பதரை காட்டியது. நான் முப்பத்து நான்கு என்றேன். உப்புக்காரப் பொம்பளைகள் லாரியைச் சுற்றி நின்று, "கெடச்சிட்டா?" என்றார்கள். மாமா, "நாளைக்குத் திருநெல்வேலியில கெடைக்கும்" என்றார். எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது. அக்கா முப்பத்து நான்கில் நீந்துவதாக நினைத்துக்கொண்டு போகிறாள். நாளைக்கு அவள் நாற்பதில் வந்து நின்றால், நீச்சல் டிரஸ் அம்மாவிடம் போய்விடும். காரணம் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போட்டி அன்று விடிகாலையில் அப்பா மாடி ஏறி வந்தார். அடுப்பு எரியும் நேரத்தில் அவர் மேலே வருவதே இல்லை. கையில் ஒரு தட்டு. அதில் ஆறு அவித்த முட்டை, தோல் உரித்து, பாதியாகக் கீறி, மஞ்சள் கருவை எடுத்துவிட்ட வெள்ளை வெள்ளைக் கிண்ணங்கள். அக்கா முன்னால் வைத்துவிட்டு, "தின்னு" என்றார்.

"அப்ப மக்ரூனுக்கு?"

"இன்னைக்கு மக்ரூன் போடல."

இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கடைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்துதான் போனோம். மாமா உப்பு லாரியைத் தவிர வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, பிறகு பஸ்ஸில் முன் சீட்டு கிடைத்ததும் சமாதானமானார்.

குளத்தில் இறங்கிக் கை காலை உதறிப் பார்த்துவிட்டு வந்த அக்கா என் காதில், "தண்ணி உள்ள விடுதுலே" என்றாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் நீச்சல் உடையில் நின்றாள். பதினான்கு நாளாகப் பின்னால் இழுத்த சுடிதார் இல்லை. மேலே தூக்கிவிட்ட உப்பும் இல்லை. இரண்டையும் கழித்தால் என்ன மிச்சம் வரும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. மாஸ்டர் மாமாவிடம், குளம் இல்லாத நாளில் எங்கே பயிற்சி என்று கேட்டுக்கொண்டிருந்தார். உப்பளத்தில் என்றதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விசில் ஊதியது. நான் பொத்தானை அழுத்தினேன். குளத்து ஓரத்தில் ஓட விடமாட்டேன் என்று ஒரு ஆள் தடுத்துக்கொண்டு நின்றார். அதனால் படிக்கட்டில் ஏறி, ஆட்களை மிதித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே ஓடினேன். எக்கா வா, எக்கா வா. திரும்பும் இடத்தில் நிஜமான சுவர். அவள் அதை உதைத்த உதையில், அங்கே மாமா நின்றிருந்தால் பாளையங்கோட்டையில் போய் விழுந்திருப்பார். போகும்போது நாலாவதாகப் போனவள் திரும்பும்போது மூன்றாவதாக வந்தாள். கடைசியில் அவளும் பக்கத்துத் தடத்துப் பெண்ணும் ஒன்றாகக் கை நீட்டினார்கள். நான் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

யார் இரண்டாவது என்று மைக்கில் சொல்வதற்குள் அம்மாவின் ஒரு திட்டு முடிகிற அளவு நேரம் ஆயிற்று. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பெயரைச் சொன்னார்கள். இரண்டாம் இடம், முப்பத்து நான்கு புள்ளி ஆறு.

அம்மா அழுதுகொண்டே, தலையைத் துவட்டு, சளி பிடிக்கும் என்று கூட்டத்துக்கு மேலாகக் கத்தினாள். அப்பா எழுந்து நின்று, கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "பயலுக்க வாட்ச்சப் பாருங்க அத்தான். முப்பத்து நாலுன்னான். அங்கயும் முப்பத்து நாலு. நம்ம அம்பயரு சொன்னா சொன்னதுதான்."

தோளில் உட்கார்ந்திருந்த எனக்கு இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது. நான் சொன்ன பொய்யை அக்கா நிஜமாக்கிவிட்டாள். அது எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. புரியாததற்குப் பாராட்டு வாங்குவது பொய் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் மாமா முதல் நடையில் உப்பளத்துக்குப் போய், "கெடச்சிட்டு, கெடச்சிட்டு" என்று ஹாரன் அடித்தாராம். பொம்பளைகள் குலவையிட்டார்களாம். இது அவர் சொன்னதுதான், பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் கடையில் ஒரே கூட்டம். ஒருநாள் மக்ரூன் இல்லாமல் தவித்தவர்களும், செய்தி கேட்டு வந்தவர்களும். அக்கா கீழே எல்லாருக்கும் மக்ரூன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சென்னைக்கு நீயும் வரணும், வாட்சோட" என்று காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் பொய் எண்களை எல்லாம் அவள் அந்த நோட்டில்தானே எழுதியிருப்பாள். அவற்றைக் கண்ணில் படாமல் அடித்துவிட வேண்டும் என்று, பென்சிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் துணி அலமாரியைத் திறந்தேன்.

நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்திருந்தாள். இடது பக்கம் மேலே தம்பி என்று எழுதியிருந்தது. வலது பக்கம் நான் என்று எழுதியிருந்தது. முதல் நாள் தம்பி 43, நான் 43. இரண்டாம் நாள் தம்பி 40, நான் 42. நான் நான்கு நொடி குறைத்த நாளில் வலது பக்கத்தில் சரியாக நான்கு நொடி கூட இருந்தது. கடைசி நாள் தம்பி 34, நான் 39½.

நான் வயிற்று வலியில் கிடந்த நாளைத் தேடினேன். தம்பி பக்கம் வெறுமையாக இருந்தது. அவள் பக்கத்தில் 46 என்று இருந்தது. கடிகாரம் அன்று என் தலையணைக்கு அடியில் அல்லவா இருந்தது, நாற்பத்தாறு என்று யார் பார்த்துச் சொன்னது? அலமாரிக் கதவைப் பிடித்தபடி யோசித்தேன். கீழே கடையில் சுவர்க் கடிகாரம் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைக் கரு அடித்த அக்காவின் உதடு அசைந்தது நினைவுக்கு வந்தது. அவளுக்கு உள்ளேயே ஒரு நொடி முள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு எதற்கு என்னைத் தினமும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்? எதற்கு ஒவ்வொரு தடவையும் எவ்வளவுலே என்று கேட்டாள்? பதினான்கு நாளில் முதல் நாளைவிட மெதுவாக அவள் நீந்தியது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குக் காற்று அதிகமாக இருந்திருக்கும், அம்மாவுக்குக் கொண்டைகூட அவிழ்ந்ததே என்று நினைத்துக்கொண்டேன். பத்து வயதில் எனக்கு எட்டியது அவ்வளவுதான்.

எதையும் அடிக்கவில்லை. கடைசி வரியில் போட்டி நாளின் தேதி இருந்தது. தன் பக்கத்தில் 34½ என்று எழுதியிருந்தாள். தம்பி பக்கம் காலியாக இருந்தது, அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் நான் பொத்தானை அழுத்தியிருந்தேன், அழுத்தியதை அதுவரை அழிக்கவும் இல்லை. சட்டைக் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். காலி இடத்தில், முடிந்த வரை அழகான கையெழுத்தில், 34.91 என்று எழுதி, நோட்டைத் துணிக்கு அடியில் இருந்த மாதிரியே வைத்துவிட்டு அலமாரியைச் சாத்தினேன்.